எட்டிக்காய் முதல் என்.எம்.ஆர். வரை: வேதியியல் பேராசிரியரிடம் கேளுங்கள்

மூலிகைகளின் வேதியியலில் ஆராய்ச்சி செய்து, கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

ஐயா, இயற்கைப் பொருள் வேதியியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. "எல்லாச் செடியையும் அலசி முடித்துவிட்டார்கள், இனி அதில் ஒன்றுமில்லை" என்கிறார் எங்கள் துறைத் தலைவர். உண்மையா?
– எம்.எஸ்சி. மாணவி, மன்னார்குடி

பாதி உண்மை அம்மா. வேம்பு, மஞ்சள், துளசி என்று ஊரறிந்த மூலிகையை எடுத்து வைத்துக்கொண்டு புதுச் சேர்மம் தேடினால் கிடைப்பது அரிது. ஆனால் செடிக்குள் குடியிருக்கும் பூஞ்சை, கடற்பஞ்சு, மண்ணில் வாழும் பாக்டீரியா என்று இந்தத் துறை வேறு பக்கம் நகர்ந்து வெகுநாளாகிறது. உங்கள் துறைத் தலைவர் பார்ப்பது பழைய வாசல்.

வேலையின் தன்மை எப்படி மாறியது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று நாம் ஒதுக்கிவைத்த மரம் எட்டி. அதன் விதையிலுள்ள நஞ்சு ஸ்ட்ரிக்னின். பிரான்சில் பெல்லெத்தியேயும் கவன்டூவும் 1818-ல் எட்டியின் உறவான ஒரு செடியின் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு மூலக்கூறில் மொத்தமே 47 அணுக்கள்: கார்பன் 21, ஹைட்ரஜன் 22, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அவை எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை ராபர்ட் ராபின்சன் சரியாகச் சொன்ன ஆண்டு 1946. இடையில் 128 ஆண்டுகள்! மூலக்கூறை உடைப்பார்கள், ஆக்சிஜனேற்றம் செய்வார்கள், கிடைத்த துண்டுகளிலிருந்து முழு உருவத்தை ஊகிப்பார்கள். ஒரு தலைமுறை ஊகித்ததை அடுத்த தலைமுறை திருத்தும்.

இன்று அதே பொருளைச் சில மில்லிகிராம் சுத்தமாகக் கொடுத்தால், நல்ல என்.எம்.ஆர். கருவியும் (அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காந்தப் புலத்தில் வைத்துப் பார்க்கும் கருவி) அனுபவமுள்ள ஸ்காலரும் ஒன்றிரண்டு நாளில் படம் போட்டுக் காட்டிவிடுவார்கள். கவனியுங்கள், 'சுத்தமாக' என்றேன். வேலை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நான் எண்பதுகளில் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நொச்சி இலை கொடுத்தார்கள். மூட்டை மூட்டையாக நிழலில் உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சினால் கரும்பச்சையாக ஒரு பசை வரும். அதைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய ஆளுயரக் கண்ணாடிக் குழாயின் தலையில் ஏற்றி, முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பான், அப்புறம் எத்தில் அசிடேட் என்ற இன்னொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊற்ற வேண்டும். சேர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து இறங்கும்; கீழே சொட்டுவதை வரிசையாகக் குடுவைகளில் பிடிப்போம். குழாய் காய்ந்துவிட்டால் நடுவில் வெடிப்பு விழுந்து எல்லாம் பாழ், ஆகவே சாப்பிடப் போவதும் முறை வைத்துத்தான். இத்தனைக்கும் பிறகு என் தீசிஸில் பாதிக்கு மேல் மற்றவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த சேர்மங்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்று நிரூபிக்கக் கற்றுக்கொண்டவன்தான் தெரியாதது வரும்போது அடையாளம் காண்பான்.

கைடு தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளை எண்ணாதீர்கள். அவரிடம் முடித்துப்போன ஸ்காலரைப் பிடித்து, "உங்கள் கையாலேயே பிரித்தெடுத்த சேர்மம் எது, அதன் ஸ்பெக்ட்ரத்தை (கருவி வரைந்து தரும் கோட்டுப் படத்தை) நீங்களே படித்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

என் பேரன் போனில் "நாளைக்கு என்.எம்.ஆர். எடுக்கப் போகிறேன் தாத்தா" என்கிறான். அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா? கேட்டால் சிரிக்கிறான்.
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஸ்ரீரங்கம்

பேரன் நலமாகத்தான் இருப்பான், கவலை வேண்டாம். நீங்கள் நினைத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதுவும் ஒரே தத்துவம். 1945-46-ல் அமெரிக்காவில் பிளாக் குழுவும் பர்செல் குழுவும் தனித்தனியாகக் கண்டறிந்தது. இருவருக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வலுவான காந்தப் புலத்தில் வைத்தால் ஹைட்ரஜன் அணுவின் கரு குறிப்பிட்ட ரேடியோ அலைக்கு மட்டும் பதில் சொல்லும். பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கும் ஹைட்ரஜன் ஓரிடத்தில் பதில் சொன்னால், கார்பன்கள் மட்டும் சூழ்ந்தது வேறோர் இடத்தில் சொல்லும். அந்தப் பதில்களைத் தாளில் கோடுகளாக வரைந்து, யாருக்குப் பக்கத்தில் யார் என்று கண்டுபிடிக்கிறோம். கல்யாண வீட்டில் பேச்சுக் கொடுத்தே உறவுமுறையைப் பிடித்துவிடும் பெரியவர்கள் இருப்பார்களே, அந்த வேலைதான்.

காந்தத்தின் வலுவை டெஸ்லா என்ற அளவில் சொல்வோம்; மருத்துவமனைக் கருவி பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. பேரன் உட்காரப்போகும் 400 மெகாஹெர்ட்ஸ் கருவி 9.4 டெஸ்லா. உள்ளே காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரியில் கிடக்கும். அதற்குள் போவது பேரன் அல்ல, 5 மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடிக் குழாய். பாக்கெட்டில் ஏ.டி.எம். கார்டோடு கிட்டே போகாதே என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஒரு மூலிகையின் மெத்தனால் சாற்றை ஜி.சி.-எம்.எஸ். (ஆவியாக்கிப் பிரித்து, நிறையை அளக்கும் சோதனை) செய்து 32 சேர்மங்களைக் கண்டறிந்தோம். சில புற்றுநோய் எதிர்ப்புப் பண்பு கொண்டவை. கட்டுரையை ஓர் இதழ் "சேர்மங்கள் நிரூபிக்கப்படவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. இதில் என்ன தவறு?
– உதவிப் பேராசிரியர், நாமக்கல் மாவட்டம்

வருத்தப்படாதீர்கள், ஆனால் திருப்பி அனுப்பியவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

நீங்கள் கண்டறிந்தது 32 சேர்மங்கள் அல்ல, 32 பெயர்கள். கருவி ஒவ்வொரு பீக்கின் (வரைபடத்தில் எழும் முகட்டின்) நிறைத் துண்டுகளையும் கணினியிலுள்ள நூலகத்தோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரைத் தருகிறது. நூலகத்தில் இல்லாத சேர்மம் வந்தாலும் அது சும்மா இருக்காது, இருப்பவற்றில் நெருக்கமான ஒன்றின் பெயரைச் சொல்லிவிடும். 'புதுச் சேர்மம்' என்று அது ஒருநாளும் சொல்லாது.

உங்கள் பட்டியலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் ஹெக்ஸாடெக்கனாயிக் அமிலம், ஃபைட்டால், ஸ்குவாலீன் மூன்றும் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். முதலாவது பாமாயிலில் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலம். ஃபைட்டால் பச்சையத்தின் வால். பச்சை இலை எதை அரைத்தாலும் அது வரும், முருங்கையோ முள்ளங்கியோ பேதமில்லை. அதை வைத்து உங்கள் மூலிகைக்கு மகிமை சொல்ல முடியாது.

அடுத்து, பட்டியலில் 'தாலேட்' என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். நிறை நிறமாலையில் 149 என்ற இடத்தில் உயரமான பீக். அது செடியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருள் அது. கரைப்பான் வந்த கேன், டியூப், கையுறை எதிலிருந்தும் கசியும். அதைக் 'கிருமிநாசினி மூலக்கூறு' என்று பெருமையாக எழுதிய கட்டுரைகள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. அதைவிடக் கூத்து சிலோக்சேன் என்ற சிலிக்கோன் வகைப் பொருள். 73, 207, 281 என்று வருமே, அது ஜி.சி. கருவியின் குழாய்ப் பூச்சும் ரப்பர் மூடியும் சூட்டில் உதிர்வது. நம் ஊர்ச் செடிகள் சிலிக்கோன் தயாரிப்பதாக ஆய்வேடுகளில் எழுதி, வைவாவிலும் பாஸ் ஆகியிருக்கிறார்கள். அந்த வைவாக்கள் சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி கேட்டவன் என்ற கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. ஜி.சி.யில் ஆவியாகக்கூடிய பொருள் மட்டுமே போகும். சாற்றை ஊசியால் கருவிக்குள் ஏற்றும் இடமே ஏறத்தாழ 250 டிகிரி. மெத்தனால் சாற்றில் முக்கியமாக இருக்கும் கிளைகோசைடு, டேனின் எல்லாம் அங்கேயே கருகிவிடும். ஆவியாகும் எண்ணெய்க்கு ஏற்ற கருவியில் மெத்தனால் சாற்றை ஏற்றுவது ஏன் இவ்வளவு பரவியது? ஒரு சாம்பிளுக்கு ஆகும் செலவு குறைவு, ஒரே நாளில் பட்டியல் வந்துவிடும், ஒரு கட்டுரைக்கு அது போதும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும்.

சரி, என்ன செய்யலாம்? செடியே இல்லாமல் வெறும் மெத்தனாலை அதே டியூப், அதே வடிதாள் வழியாக ஓட்டி ஒரு வெற்று ஓட்டம் எடுங்கள். அதில் வருவதையெல்லாம் உங்கள் பட்டியலிலிருந்து அடியுங்கள். ஆல்கேன் வரிசையை ஓட்டி, ஒவ்வொரு பீக்குக்கும் தாமதக் குறியீடு (அது வெளிவரும் நேரத்தை அந்த ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) கணக்கிட்டு, ஏற்கெனவே பதிவான மதிப்போடு ஒத்துப்பாருங்கள். மிஞ்சியதில் முக்கியமான ஒன்றிரண்டுக்குச் சுத்தமான மாதிரியை விலைக்கு வாங்கி, சேர்த்து ஓட்டுங்கள். 32 இருந்த இடத்தில் 4 மிஞ்சலாம். அந்த 4 உங்களுடையவை. செடியின் ஒரு கிளையை உலர்த்தித் திருச்சி ரபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலோ கோவையிலுள்ள தாவரவியல் கள ஆய்வு மையத்திலோ அடையாளம் காட்டி, எண் வாங்கிக் கட்டுரையில் சேருங்கள். செடியே தவறென்றால் மற்றதெல்லாம் வீண்.

மூலனூர் பக்கம் செங்காந்தள் போட்டிருக்கிறோம். விதையை வியாபாரிகள் வாங்கிப் போகிறார்கள். அதிலிருந்து என்ன எடுக்கிறார்கள்? விதை தொட்டால் ஆபத்தா?
– விவசாயி மகள், தாராபுரம் வட்டம்

கொல்கிசின் எடுக்கிறார்கள். ஊளைச்சதை இல்லாதவரையும் ஓரிரவில் முடக்கிப்போடும் கௌட் என்ற மூட்டு வலிக்கு மருந்து அது. செல் பிரியும்போது உள்ளே உருவாகும் நுண்குழல்களைத் தடுப்பதால், பயிர் விஞ்ஞானிகள் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

தொட்டால் ஒன்றுமில்லை, வாய்க்குப் போனால் ஆபத்து. விதை, கிழங்கு இரண்டும் உயிரைப் பறிக்கும். கிழங்கைச் சேனை, வள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. விதையைக் கையாண்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த விஷம் முதல் சில மணி நேரம் அமைதியாக இருந்து ஏமாற்றும்.

இதன் அமைப்பைக் கண்டுபிடித்ததில் ஒரு சுவை உண்டு. மூலக்கூறில் ஒரு வளையம் எந்தச் சோதனைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் பல பேரைச் சுற்றவிட்டது. ஆறு கார்பன் வளையம் என்றே எல்லோரும் நம்பினார்கள். 1945-ல் மைக்கேல் டியூவர் என்ற இளம் கோட்பாட்டாளர், அது ஏழு கார்பன் வளையமாக இருந்தால் எல்லாம் பொருந்துகிறதே என்றார். அப்படியே ஆயிற்று. கொல்கிசின் கரைசல் வெளிச்சம் பட்டால் உருமாறிவிடும், அதனால் லேபில் குடுவையை அலுமினியத் தாளால் சுற்றித்தான் வைப்போம்.

மகள் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். புனேயில் பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள். ஐந்து வருடம் ஆகுமாமே? முடித்தால் வேலை உறுதியா? வயது போய்விடும் என்று வீட்டில் பேச்சு.
– பெயர் வேண்டாம், விருதுநகர்

ஐயா, வேலை உறுதி என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் ஜே.ஆர்.எஃப். சும்மா கிடைப்பதல்ல. 2023-ல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஐந்து வருடமும் அவள் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கல்லூரி வேலைக்கு 2023 விதிப்படி நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆரம்பச் சம்பளம் 57,700. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுயநிதிக் கல்லூரிகள் தரும் சம்பளத்தை எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். இந்தத் துறையில் கல்லூரிக்கு வெளியே வழி உண்டு. எச்.பி.எல்.சி. (கரைசலிலேயே பிரிக்கும் கருவி), மாஸ் (நிறை அளக்கும் கருவி), என்.எம்.ஆர். மூன்றையும் கையால் ஓட்டி, பிழை வந்தால் சரிசெய்யவும் தெரிந்தவர்களை ஐதராபாத், பெங்களூரு மருந்து நிறுவனங்களும் கொச்சிப் பக்கத்து மசாலாச் சாறு ஆலைகளும் தேடுகின்றன. ஆகவே "கருவியை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு வராதே, பக்கத்தில் உட்கார்" என்று மகளிடம் சொல்லுங்கள்.

வயதைப் பற்றி ஒன்று. ஆசிமா சட்டர்ஜி 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலில் அதைப் பெற்ற முதல் பெண். குடும்பமும் மகளும் இருந்தார்கள், ஆராய்ச்சியும் நடந்தது. நம் வயல் ஓரத்து ஆரைக்கீரையிலிருந்து வலிப்பு மருந்து உருவாக்கியவர் அவர். கல்யாணத்தை ஐந்து வருடம் தள்ளுவதா, நடுவில் வைப்பதா என்பதை மகளோடு பேசி முடிவு செய்யுங்கள். சேர்க்கைத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

நம் சித்தர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். மஞ்சளின் பெருமை தெரிய ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி எதற்கு?
– சித்த மருத்துவ ஆர்வலர், தென்காசி

காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை கொடுத்தார்கள். அதை எதிர்த்து 1997-ல் ரத்து செய்யவைத்தது இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அங்கே செல்லுபடியானவை பழைய நூல்களும் அச்சிட்ட ஆதாரங்களும். எனவே சுவடியை மதிக்கிறேன். பெருமைப் பேச்சு அங்கே எடுபடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் சுவடி சொன்னதா, நாம் சொல்லவைத்ததா என்று பார்க்க வேண்டும். சித்தர் சொன்னது மஞ்சளை. கடையில் விற்பது பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரை. இரண்டும் ஒன்றல்ல. குர்குமின் நீல ஒளியை உறிஞ்சி மஞ்சளாகத் தெரியும், தானே ஒளிரும், உலோகத்தைப் பிடிக்கும், புரதத்தோடு ஒட்டும். நிறமோ ஒளிர்வோ பார்த்துச் சொல்லும் லேப் சோதனைகளில் அது எல்லா நோய்க்கும் மருந்து போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். குடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. 2017-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மருத்துவ வேதியியல் இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு, அதுவரை நடந்த இரட்டை மறைவுச் சோதனை (யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்துவது) எதிலும் குர்குமின் தேறவில்லை என்று சொன்னது.

சுவடி உண்மையிலேயே கைகொடுத்த கதையும் உண்டு. சீனாவில் தூ யூயூ மலேரியா மருந்து தேடியபோது, கொதிக்கவைத்த சாற்றில் பலன் நிலையாக இல்லை. பழைய மருத்துவ நூல் ஒன்று இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்தார். ஆர்டிமிசினின் கிடைத்தது, 2015-ல் நோபல் வந்தது. நூலை மதித்தார், அப்புறம் எலியிலும் மனிதரிலும் சோதித்தார். இரண்டையும் செய்தார், கவனியுங்கள்.

நம் தமிழ்நாட்டுக்காரர்கள் யாராவது இந்தத் துறையில் சாதித்திருக்கிறார்களா?
– ப்ளஸ் டூ மாணவர், குளித்தலை

உங்கள் ஊர்க்காரரே இருக்கிறார் தம்பி! டி.ஆர். சேஷாத்ரி, குளித்தலையில் 1900-ல் பிறந்தவர். மான்செஸ்டரில், எட்டி நஞ்சின் அமைப்பைச் சொன்ன அதே ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து திரும்பி, ஆந்திராவிலும் டெல்லியிலும் பூக்களின் நிறமிகளை ஆராய்ந்தார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரி நஞ்சறுப்பான் செடியின் டைலோஃபோரின் அமைப்பை ஆராய்ந்தார். 1960-ல் இந்திய அறிவியலின் உயர்ந்த விருதான பட்நாகர் பரிசு. பின்னாளில் பம்பாய் கோரேகாவிலுள்ள சீபா மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனார். பள்ளி ஆண்டு விழாவில் சேஷாத்ரியைப் பற்றிப் பேசுங்கள், ஊரில் பலருக்குத் தெரியாது.

எங்கள் கல்லூரியில் ஒரு கருவியும் கிடையாது. யு.ஜி. மாணவர்களுக்கு இந்தத் துறையை எப்படிக் காட்டுவது?
– கௌரவ விரிவுரையாளர், தருமபுரி

கருவி வேண்டாம், மஞ்சள் போதும். கடைத் தூள் வேண்டாம், விரலி மஞ்சளை இடித்துச் சிறிது மெத்தனாலில் கலக்கி வடியுங்கள். டி.எல்.சி. தகட்டில் (சிலிக்கா பூசிய மெல்லிய தகடு) புள்ளி வைத்து, குளோரோஃபார்ம் 95 பங்கு, மெத்தனால் 5 பங்கு கலந்த ஜாடியில் மூடி நிறுத்துங்கள். மூன்று மஞ்சள் புள்ளிகள் தானாகப் பிரியும், புற ஊதா விளக்குகூட வேண்டாம். மேலே இருப்பது குர்குமின், மூலக்கூறு எடை 368. நடுவில் 338, கீழே 308. ஒவ்வொரு படிக்கும் 30 குறைவதேன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு மெத்தாக்ஸி தொகுதி (OCH₃) போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்திருக்கிறது என்று ஒருவராவது சொல்வார். அந்தப் பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளோரோஃபார்ம் வாடை ஆகாது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

சுத்தமான பொருள் ஏதாவது கையில் கிடைத்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்திலுள்ள எஸ்.ஏ.ஐ.எஃப். என்ற பொதுக் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம். வெளியாருக்கும் எடுத்துத் தருகிறார்கள். புரோட்டான் என்.எம்.ஆருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கார்பனுக்கு 20-க்கு மேல் வைத்தால் நல்லது. நன்றாக உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் போடுங்கள்; பிளாஸ்டிக் வேண்டாம், காரணத்தை நாமக்கல்காரருக்கு எழுதியிருக்கிறேன். எந்தக் கரைப்பானில் கரைகிறது என்று எழுதி அனுப்புங்கள். லேபிளில் பெயரைப் பேனாவால் எழுதாதீர்கள், ஒரு சொட்டு மெத்தனால் பட்டால் மை ஓடிவிடும். பென்சிலால் எழுதுங்கள்.